வெள்ளமும் வெயிலும் செய்தியாகும்போது: நாளிதழில் காலநிலை மாற்றத்தை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் 'தி இந்து' நாளிதழ் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய இதழுக்கு அப்படி ஒரு நாள் வந்தது அதுவே முதல் முறை. அச்சகம் மறைமலை நகரில் இருந்தது. சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தால் ஊழியர்கள் அங்கே போய்ச் சேர வழியில்லை. அதற்கடுத்த நாட்களில் கைக்குக் கிடைத்த தமிழ், ஆங்கில நாளிதழ்களை எல்லாம் நான் எடுத்து வைத்தேன். ஓராண்டு கழித்து அந்தக் கட்டைப் பிரித்து உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஒரே வெள்ளத்துக்கு முதல் பக்கத்தில் 'இயற்கையின் சீற்றம்' என்று பெயர். ஐந்தாம் பக்கத்தில் அதுவே 'அதிகாரிகளின் அலட்சியம்'. தலையங்கத்தில் 'பருவநிலை மாற்றம்'. மூன்றில் எது எவ்வளவு என்று சேர்த்து நிறுத்துப் பார்த்த ஒரு பத்தியைக்கூட அந்தக் கட்டில் நான் காணவில்லை.

அன்றிலிருந்து நாளிதழை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாசிக்கும் பழக்கம் வந்தது. அந்தப் பழக்கத்தை இங்கே படிப்படியாகத் தருகிறேன். இதழியல் மாணவர்கள், ஆசிரியர்கள், ஊர் நூலகத்தில் காலையில் நாளிதழ் படிக்கும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். செலவு ஒரு நோட்டும் ஒரு மாதப் பொறுமையும்தான்.

படி 1: ஒரு நிகழ்வை எடுங்கள், ஒரு சொல்லை அல்ல

பலரும் தொடங்கும் இடம் தேடல் பெட்டி. 'காலநிலை மாற்றம்' என்று தட்டி, வரும் செய்திகளைச் சேர்ப்பார்கள். இதில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. தமிழில் இந்தப் பொருளுக்கு ஒரே சொல் இல்லை. காலநிலை மாற்றம், பருவநிலை மாற்றம், தட்பவெப்பநிலை மாற்றம், புவி வெப்பமயமாதல் என்று ஆளுக்கு ஒன்றை எழுதுகிறார்கள். 'பருவநிலை' என்றதும் வாசகர் மனத்தில் ஆடியும் ஐப்பசியும் வருகின்றன. மழை நாள் தள்ளிப்போவது மட்டுமே பிரச்சினை என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய பள்ளம், காலநிலை மாற்றத்தின் விளைவுகளைச் சொல்லும் செய்திகளில் பெரும்பாலானவற்றில் இந்தச் சொற்களில் ஒன்றுகூட இராது என்பது. உப்பளத்தில் மழை நீர் நிற்கும் செய்தியில் உப்பும் கூலியும் இருக்கும். காலநிலை என்ற சொல்லே இருக்காது.

அதனால் நிகழ்வை எடுங்கள். பழகுவதற்கு 2023 டிசம்பர் நல்ல மாதம். மிக்ஜாம் புயலால் 3, 4 தேதிகளில் சென்னை மூழ்கியது. இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியையே மிஞ்சிய மழை. ஒரே மாதத்தில் தலைநகரும் தென்கோடியும் அடி வாங்கியதால், எந்த ஊர் வெள்ளத்துக்கு எத்தனை பக்கம் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

மூன்று நாளிதழ் போதும்: இரண்டு தமிழ், ஒன்று ஆங்கிலம். தமிழ் இதழ்களில் ஒன்றை இரண்டு பதிப்புகளில் எடுங்கள். சென்னைப் பதிப்பு ஒன்று, நெல்லைப் பதிப்பு ஒன்று. நிகழ்வுக்கு மூன்று நாள் முன்பிருந்து முப்பது நாள் பின்புவரை வேண்டும். முன் மூன்று நாள் ஏன் என்றால், எச்சரிக்கை எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் வந்தது என்பது அங்கேதான் தெரியும். பழைய இதழ்களுக்கு மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. நாட்டில் வெளியாகும் நூல்களையும் இதழ்களையும் சட்டப்படி பெற்றுக்கொள்ளும் நூலகங்களில் அதுவும் ஒன்று. மின்னிதழில் பார்ப்பதென்றால் முழுப் பக்கமாகப் பாருங்கள். செய்தியை மட்டும் வெட்டி எடுத்தால், அது பக்கத்தின் தலையில் இருந்ததா, காலடியில் இருந்ததா என்பது போய்விடும்.

படி 2: நோட்டில் மூன்று கட்டம் கீறுங்கள்

வானம், நிலம், மனிதர். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் வானத்திலிருந்து வந்தது: எவ்வளவு பெய்தது, எத்தனை மணி நேரத்தில், எதனால். புவி வெப்பமாதல் நேரடியாக வந்து சேரும் இடம் இது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் ஒரு நாள் இறங்கியாக வேண்டும். இரண்டாவது கட்டத்தில் நிலம் அந்த நீரை என்ன செய்தது என்பது: ஏரி, கால்வாய், மதகு, முகத்துவாரம், சாலை, கட்டடம். மூன்றாவதில், நீர் வந்த இடத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் அங்கே ஏன் இருந்தார்கள். ஒவ்வொரு செய்தியையும் படித்துவிட்டு, அதில் எந்தக் கட்டத்துக்கு எத்தனை வாக்கியம் கிடைத்தது என்று எண்ணி எழுதுங்கள்.

2015 வெள்ளத்தை இந்தத் தாளில் வைத்துப் பார்க்கலாம். வானம்: டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. அந்த ஆண்டு வலுவான எல் நினோ ஆண்டு; அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறிய ஆண்டு. ஒரு மழையிலோ வெயிலிலோ காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று கணிக்கும் உலக வானிலைத் தாக்க ஆய்வுக் குழுவில் (World Weather Attribution) இருந்த விஞ்ஞானிகள் அந்த மழையை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், புவி வெப்பமாதலின் தடத்தை அதில் காண முடியவில்லை என்று எழுதினார்கள். வங்கக் கடலின் மேற்குப் பகுதி அதுவரை அவ்வளவாகச் சூடேறவில்லை. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெயிலை மறைத்தது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். நிலம்: செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஐம்பது ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. மனிதர்: கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். அது அந்தச் சதுப்பு நிலத்தின் ஓரம்.

இப்போது அன்றைய செய்தியில் 'பருவநிலை மாற்றத்தின் கோரம்' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அது யாருக்கு உதவுகிறது என்பது தெரிகிறது அல்லவா? மதகைத் திறந்த கைக்கும், சதுப்பில் மண் கொட்டிய கைக்கும் அது உதவுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் மண்ணுக்குள் போயின. அதே ஆய்வுக் குழு இரண்டு வாரத்தில், காலநிலை மாற்றத்தால் அந்த மழை சுமார் 10 சதவீதம் கூடுதல் வலுவோடு பெய்தது என்று கணித்தது. இங்கே குவாரிகளையும் விடுதிகளையும் மட்டுமே பேசிய செய்தி முதல் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறது. அந்தச் சரிவின் கீழ் குடியிருந்தவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் ஏன் அத்தனை பேர் என்று கேட்காத செய்தி மூன்றாவதை விட்டுவிடுகிறது. ஒரு மழைக்குச் சரியாகும் விளக்கம் அடுத்த மழைக்குச் சரியாகாது. ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்ப வேண்டிய தாள் இது.

படி 3: வினைச்சொல்லைப் பிடியுங்கள்

தமிழில் எழுதும் நிருபருக்கும் அதை வாசிக்கும் நமக்கும் இலக்கணம் ஒரு கருவியைத் தந்திருக்கிறது. தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை. பள்ளியில் மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்த இந்த மூன்றும் வெள்ளச் செய்தியில் உயிர் பெறுகின்றன.

'ஏரி உடைந்தது' என்றால் ஏரி தானாக உடைந்தது; இது தன்வினை. 'கரையை உடைத்தார்கள்' என்றால் ஓர் ஆள் வந்துவிட்டார்; இது பிறவினை. 'தண்ணீர் திறந்துவிடப்பட்டது' என்றால் ஆள் இருக்கிறார், முகம் மறைந்திருக்கிறது; இது செயப்பாட்டுவினை. 'சதுப்பு நிலம் சுருங்கியது' என்பதையும் 'சதுப்பு நிலத்தைச் சுருக்கினார்கள்' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அழிந்தது, அழித்தனர். நிரம்பியது, நிரப்பினர். ஒரு மெய்யெழுத்து மாறும் இடத்தில் ஒரு துறையே பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறது.

ஒரு செய்தியில் உள்ள எல்லா வினைமுற்றுகளையும் அடிக்கோடிட்டு, மூன்று வகையாகப் பிரித்து எண்ணுங்கள். பிறகு இன்னொரு கணக்கு: பிறவினைக்கு எழுவாய் யார்? என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்த எழுவாய்கள் மழை, புயல், கடல், வருண பகவான். மழை 'வெளுத்து வாங்குகிறது', 'கொட்டித் தீர்க்கிறது', 'புரட்டிப் போடுகிறது'. வெயில் 'வாட்டி வதைக்கிறது'. கடல் 'சீறுகிறது'. இந்தச் சொற்களில் அழகு இல்லை என்று நான் சொல்லவில்லை. பேச்சுத் தமிழின் சூடு அவற்றில் இருக்கிறது. ஆனால் வலிமையான வினைகளை எல்லாம் வானத்துக்கே கொடுத்துவிட்டு, அரசுக்கும் கட்டுமானக்காரர்களுக்கும் '-ப்பட்டது' மட்டும் மிஞ்சினால், வாசகரின் கோபம் மேகத்தின் மேல்தான் போகும்.

பெயர்ச்சொற்களிலும் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று 'தாழ்வான பகுதி'. 'தாழ்வான பகுதிகளில் நீர் சூழ்ந்தது' என்ற வரி இல்லாத வெள்ளச் செய்தி அரிது. அந்தத் தாழ்வான பகுதி எப்படித் தாழ்வானது? தியாகராய நகர் 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியின் படுகையில் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம் நுங்கம்பாக்கம் ஏரி. ஊர்ப்பெயரில் ஏரியும் தாங்கலும் ஏந்தலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க, செய்தியில் அது வெறும் பள்ளமாகிவிடுகிறது. 'நீர் ஊருக்குள் புகுந்தது' என்பதைவிட, நீர் தன் பழைய இடத்துக்கு வந்தது என்பது பல இடங்களில் உண்மைக்கு நெருக்கம்.

இன்னொன்று 'ஆக்கிரமிப்பு'. அந்தச் சொல் வரும் ஒவ்வொரு முறையும் யாரைக் குறிக்கிறது என்று எழுதி வையுங்கள். குடிசையையா, கல்லூரி வளாகத்தையா, அரசே எழுப்பிய கட்டடத்தையா? ஒரு மாதக் கணக்கு கையில் வந்ததும் உங்களுக்கே பதில் தெரியும்.

படி 4: 'வரலாறு காணாத' என்றால் வரலாற்றைப் புரட்டுங்கள்

இந்த அடைமொழி வந்தால் மூன்று விவரங்கள் கூடவே வந்திருக்க வேண்டும்: எந்த நிலையத்தில், எத்தனை மணி நேரத்தில், எந்த ஆண்டிலிருந்து உள்ள பதிவோடு ஒப்பிட்டு. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 105 செ.மீ. அளவுக்கு மழை. ஆனால் 1918 நவம்பர் அதையும் தாண்டியிருந்தது. ஒரே நாள் மழை என்றால் அதே நிலையத்தில் 1976 நவம்பரில் 45 செ.மீ. பெய்திருக்கிறது. 2015-இன் டிசம்பர் 1-ஐ டிசம்பர் மாதத்துக்குள் வைத்துப் பேசுவதும், சென்னையின் மொத்த வரலாற்றில் வைத்துப் பேசுவதும் வேறு வேறு. பழைய பதிவைச் சுட்டிக்காட்டுவது காலநிலை மாற்றத்தைக் குறைத்துப் பேசுவதாகாது. அரிதாக வந்த மழை இப்போது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதை ஒரு நாள் மழையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

'நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை' என்ற தொடரையும் அப்படியே விழுங்கவேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள மழை என்பதே அதன் பொருள். இந்த ஆண்டு வந்துவிட்டதால் இனி நூறு ஆண்டு நிம்மதி என்று எண்ணி வாசலில் மண் கொட்டியவர்கள் உண்டு.

வானிலைத் துறையின் சொற்களுக்கு அளவு இருக்கிறது. இதைத் தாளின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தொடங்கிக் கனமழை, 11.56 முதல் மிக கனமழை, 20.45 முதல் அதி கனமழை. காற்று மணிக்கு 62 கி.மீ. எட்டினால்தான் அது புயல். அதற்குக் கீழே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், தாழ்வு மண்டலம் என்று இறங்கும். ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. அளவுக்குச் சிறு பரப்பில் கொட்டினால் மேகவெடிப்பு. செய்திகளில் மேகவெடிப்பு இதைவிட எளிதாக நிகழ்ந்துவிடுகிறது.

இந்த அளவுகோலில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதி கனமழைக்கு மேல் சொல் கிடையாது. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ.யும் அதி கனமழை. 2023-இல் முன்னறிவிப்பு போதுமா, போதாதா என்று மாநில அரசுக்கும் வானிலை ஆய்வு மையத்துக்கும் இடையே நடந்த வாதத்தின் வேர் இதில் இருக்கிறது. அந்த நாட்களின் செய்தியைப் படிக்கும்போது, இரு தரப்பும் சொன்னதை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்ததா, இந்த அளவுகோலை வாசகருக்கு விளக்கியதா என்று பாருங்கள். விளக்கிய செய்தி கிடைத்தால் அதை வெட்டி வையுங்கள். அப்படி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 5: யார் பேசுகிறார்கள்

ஒவ்வொரு செய்தியிலும் மேற்கோள் யாருடையது என்று குறியுங்கள். அமைச்சர், ஆட்சியர், எதிர்க்கட்சித் தலைவர், வானிலை மைய இயக்குநர், தனியார் வானிலை ஆர்வலர், விஞ்ஞானி, பாதிக்கப்பட்டவர். பாதிக்கப்பட்டவர் பேசினால் என்ன பேச அனுமதி கிடைத்தது? 'எல்லாம் போச்சு' என்ற ஒற்றை வரியா, அல்லது வாய்க்கால் எந்த ஆண்டு அடைபட்டது என்று அவருக்குத் தெரிந்ததையும் கேட்டார்களா? ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் 2023-இல் சுமார் 800 பயணிகளோடு திருச்செந்தூர் விரைவு ரயில் சிக்கி நின்றபோது, பயணிகளின் தவிப்பு எல்லா இதழ்களிலும் வந்தது. அது வரவேண்டியதுதான். சுற்றியுள்ள குளங்களின் கரை எந்த நிலையில் இருந்தது என்று அந்தக் குளத்துப் பாசன விவசாயியிடம் கேட்ட வரிகளைத் தேடித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

மேற்கு நாடுகளில் இந்த ஆய்வு வேறு ஒரு நோயைக் கண்டுபிடித்தது. 1988 முதல் 2002 வரை அமெரிக்காவின் நான்கு முன்னணி நாளிதழ்களை ஆராய்ந்த பாய்காஃப் சகோதரர்கள் என்ற ஆய்வாளர்கள், பாதிக்கும் சற்று மேலான செய்திகள் விஞ்ஞானிகளுக்கும், புவி வெப்பமாதலுக்கு மனிதர் காரணம் என்பதை மறுப்பவர்களுக்கும் ஏறக்குறையச் சம இடம் கொடுத்தன என்று 2004-இல் காட்டினார்கள். நடுநிலை என்ற பெயரில் பொய்யும் உண்மையும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. பிபிசியும் 2018-இல் தன் செய்தியாளர்களுக்கு அனுப்பிய குறிப்பில், இந்த விஷயத்தில் அடிக்கடி தவறியிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டது.

இந்திய இதழ்களில் அந்த நோய் குறைவு. 2002 முதல் 2007 வரையிலான ஆங்கில நாளிதழ்களை ஆராய்ந்த சைமன் பில்லட் என்ற ஆய்வாளர், புவி வெப்பமாதலுக்கு மனிதரே காரணம் என்பதை ஏறக்குறைய எல்லாச் செய்திகளும் ஏற்றுக்கொண்டன என்று கண்டார். ஆனால் பணக்கார நாடுகள் பொறுப்பு, இந்தியா பலி என்ற சட்டகமே எங்கும் இருந்தது. அது பெரிய அளவில் நியாயமான வாதம். நம் வீட்டுக்குள் யார் குளிர்சாதன அறையில், யார் செங்கல் சூளையில் என்ற கேள்வி மட்டும் அந்தச் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. தமிழ் இதழ்களின் தட்டில் உட்காரும் இரு தரப்பு ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும். இருவரும் ஒருவரையொருவர் சாடி முடிக்கும்போது செய்திக்கான இடமும் முடிந்துவிடுகிறது.

படி 6: படம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படத்தில் இருப்பவர் என்ன செய்கிறார்: நிற்கிறார், உதவி வாங்குகிறார், விளையாடுகிறார், வேலை செய்கிறார்? படத்தின் கீழே அவர் பெயர் இருக்கிறதா? உதவி கொடுப்பவரின் பெயர் மட்டும் இருக்கிறதா?

பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழ் 2019-இல் தன் படக் கொள்கையை மாற்றியது. பனிக்கரடிகளைக் குறைத்து, பாதிக்கப்படும் மனிதரைக் காட்டுவோம் என்றது. அதே ஆண்டு ஐரோப்பிய வெப்ப அலைச் செய்திகளின் படங்களை ஆராய்ந்தவர்கள், எச்சரிக்கைத் தலைப்பின் கீழ் கடற்கரைக் குளியல் படங்கள் நிறைந்திருந்ததைக் கண்டார்கள். நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவை கிணற்றில் குதிக்கும் சிறுவர்களும் நுங்கு வண்டியும் துப்பட்டாவால் முகம் மூடிய ஸ்கூட்டர் பெண்களும். உச்சி வெயிலில் தார் போடும் சாலைப் பணியாளரின் படம் ஒரு மாதத்தில் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள்.

படி 7: வெயிலுக்குத் தனி நோட்டு

மழையைவிட வெயிலைத்தான் நாளிதழ்கள் மோசமாகக் கையாளுகின்றன என்பது என் முடிவு. வெயில் ஓசையில்லாமல் கொல்கிறது. அதற்கு உடைந்த பாலம் இல்லை, மிதக்கும் கார் இல்லை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை தினமும் ஒரு செய்தி வரும்: 'இத்தனை இடங்களில் வெயில் சதமடித்தது.' கிரிக்கெட்டிலிருந்து வந்த சொல். சதம் என்பது ஃபாரன்ஹீட்டில் 100, செல்சியஸில் 37.8. இந்த எண்ணுக்கு உடலியல் ரீதியாகத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. முழு எண்ணாக இருப்பதே அதன் சிறப்பு. வேலூரிலும் கரூரிலும் மே மாதம் அந்த அளவு இயல்பானது. கடலோர ஊரில் அதே அளவு ஈரப்பதத்தோடு சேர்ந்தால் வேறு கதை. வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் 37 இருக்க வேண்டும். அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும், அல்லது வெப்பம் 45 டிகிரியை எட்டியிருக்க வேண்டும். ஆகவே நோட்டில் மூன்று எண்களைக் கேளுங்கள்: பகல் வெப்பம் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியது, ஈரப்பதம் எவ்வளவு, இரவு எவ்வளவு குளிர்ந்தது. மூன்றாவது எண் பெரும்பாலும் இருக்காது. தகரக் கூரைக்குக் கீழே உறங்குபவருக்கு அந்த எண்தான் உயிர்.

'அக்னி நட்சத்திரம் தொடங்கியது' என்ற செய்தியும் ஆண்டுதோறும் வரும். பஞ்சாங்கக் கணக்கு மே மாதத்தில் கத்திரி வெயில் என்கிறது, நல்லது. ஆனால் அந்தச் சொல்லால் வெயில் வழக்கமான ஒன்றாகிவிடுகிறது. மார்ச்சிலேயே தொடங்கிவிட்ட வெப்பத்தை அது மூடிவிடுகிறது.

பிறகு, சாவுக் கணக்கு. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. பின்னர் மொத்த இறப்புப் பதிவுகளை ஒப்பிட்டபோது அந்த ஒரே மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரியவந்தது. மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று சான்றிதழில் எழுதப்பட்ட சாவுகள் அவற்றில் எத்தனையோ. அந்தக் கணக்குக்குப் பிறகே 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 'வெயிலுக்கு முதியவர் பலி' என்று ஒற்றை எண்ணோடு வரும் செய்தியைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. அதன் பிறகு இழப்பீடு கேட்டு யாருக்குக் கிடைத்தது என்று தொடரும் செய்திகளைத் தேடுங்கள்.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் ஒன்றைச் சொன்னார்கள்: கடும் வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கருச்சிதைவு, இறந்தே பிறக்கும் குழந்தை ஆகிய அபாயங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் நிற்கும் நம் பெண்களைப் பற்றிய செய்தி இது. முதல் பக்கத்துக்கு இதைவிட எது தகுதி என்று எனக்குத் தெரியவில்லை.

படி 8: மாவட்டப் பக்கத்துக்குப் போங்கள்

தை, மாசியில் டெல்டா பதிப்பை எடுத்துப் பாருங்கள். 'நெல்லின் ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக உயர்த்தக் கோரிக்கை' என்று ஒரு செய்தி இருக்கும். அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை, நேரடிக் கொள்முதல் நிலைய வாசலில் முளைக்கும் நெல், மத்தியக் குழு வருகை. இது விவசாயிகள் கோரிக்கை என்ற தலைப்பின் கீழ் வந்து போகும். காலநிலைச் செய்தி என்று யாரும் அதைப் பெட்டி கட்ட மாட்டார்கள். கடல் அரித்த தெரு 'மீனவர்கள் மறியல்' ஆகிவிடும்; உவர்ப்பேறிய கிணறு 'காலிக்குடங்களுடன் பெண்கள் முற்றுகை' ஆகிவிடும்.

இவற்றைத் தனி வண்ணத்தில் குறியுங்கள். மெல்ல நடப்பவை நாளிதழின் இயல்புக்கு ஒத்துவராதவை. நேற்று நடந்தது எது என்றுதான் நாளிதழ் கேட்கும். நேற்று நடந்தது மறியல், அரிப்பு முப்பது ஆண்டாக நடக்கிறது. குறை நிருபருடையது என்று நான் நினைக்கவில்லை. மாவட்ட நிருபர் அந்த மறியலை எழுதாவிட்டால் அந்தத் தெருவின் பெயர்கூட அச்சில் வந்திருக்காது. இரண்டு விஷயங்களை மட்டும் கேளுங்கள்: இதே ஊரில் இதே கோரிக்கை சென்ற ஆண்டும் வந்ததா? கடல் அரிப்புக்குக் காரணம் கடல் மட்டம் உயர்வதா, பக்கத்தில் கட்டிய துறைமுகச் சுவரா, இரண்டுமா? இங்கேயும் வானம், நிலம், மனிதர் என்ற அதே மூன்று கட்டங்கள் பொருந்தும்.

படி 9: '2050-க்குள்' என்று தொடங்கும் செய்திகள்

2019 அக்டோபரில் 'மும்பை மூழ்கிவிடும்' என்ற பாணியில் பல தலைப்புகள் வந்தன. மூல ஆய்வு சொன்னது வேறு. 2050-இல் உலகில் சுமார் 30 கோடி பேர் வாழும் நிலம், ஆண்டுக்கு ஒருமுறையாவது கடல் வெள்ளம் ஏறக்கூடிய உயரத்துக்குக் கீழே இருக்கும் என்பது அதன் முடிவு. கரைச் சுவர்களை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை. நிரந்தரமாக மூழ்குவதும் ஆண்டுதோறும் வெள்ளம் ஏறுவதும் ஒன்றல்ல. மூழ்கிவிடும் என்றால் வாசகர் கைவிட்டுவிடுவார். வெள்ளம் ஏறும் என்றால் என்ன செய்யலாம் என்று கேட்பார்.

இத்தகைய செய்தியில், எந்த ஆய்வு, எந்த ஆண்டு, எந்த அளவு வெப்பம் கூடினால், எவ்வளவு உறுதியோடு என்ற நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழு அறிக்கைகளில் உறுதிக்கு அளவு உண்டு: 66 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒரு சொல், 90-க்கு மேல் என்றால் இன்னொரு சொல், 99-க்கு மேல் என்றால் வேறு சொல். தமிழில் அவை எல்லாமே 'வாய்ப்பு' ஆகிவிடுகின்றன. நாளைய மழைக்கும் 'வாய்ப்பு', நூற்றாண்டின் கடல் மட்டத்துக்கும் 'வாய்ப்பு'. மொழிபெயர்ப்பு மேசையில் இருப்பவர்கள் சதவீதத்தையே எழுதிவிடலாம். நம் வாசகர்களுக்குச் சதவீதம் புரியும்.

படி 10: முப்பதாம் நாள்

கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு வரையுங்கள். நிகழ்வு நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் எத்தனை செய்தி என்று குறித்துக்கொண்டே போங்கள். கோடு எந்த நாளில் தரையைத் தொடுகிறது என்று பாருங்கள். பிறகு ஓராண்டு தள்ளி, அதே தேதியின் இதழை எடுங்கள். உடைந்த குளக்கரை கட்டப்பட்டதா, நிவாரணம் பெறாதவர் எத்தனை பேர் என்று யாராவது போய்ப் பார்த்து எழுதினார்களா?

எழுதாவிட்டால் நீங்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். 150 சொல்லுக்குள் இருக்கட்டும். குற்றச்சாட்டாக வேண்டாம், உங்கள் நோட்டிலிருந்து சரிபார்க்கக்கூடிய ஓர் எண், ஓர் ஊர், ஒரு தேதி, ஒரு கேள்வி போதும். 'கடந்த டிசம்பரில் உங்கள் இதழின் இந்தப் பக்கத்தில் இந்தக் குளம் உடைந்ததாக வந்தது. கரை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் நிருபர் பார்த்துச் சொல்வாரா?' வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், கடிதம் ஆகஸ்டிலேயே போய்ச் சேரட்டும். கரை கட்ட அப்போதுதான் நாள் இருக்கும்.